முத்துமாரியின் கட்டில்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் சொல்லும்போது எனக்கே குழம்பிவிடும்.

1. ஜூன் மாதம் பல்கலைக்கழக விடுதிக்கு விண்ணப்பித்தேன்.
2. நிராகரித்தார்கள். எங்கள் ஊர் பக்கத்தில் இருக்கிறதாம்.
3. மறுபடி விண்ணப்பித்தேன். புகைப்படத்தின் அளவு சரியில்லையாம்.
4. மறுபடியும் விண்ணப்பித்தேன். காத்திருப்புப் பட்டியல், எண் ஒன்று.
5. ஆகஸ்டில், முத்துமாரி என்ற பெண்ணுக்கு ஒதுக்கிய கட்டிலில் தற்காலிகமாகப் படுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்தப் பெண் வந்து சேரவே இல்லை என்றார்கள்.
6. முத்துமாரி என்று கூப்பிட்டால் நான் 'பிரசென்ட்' சொல்ல வேண்டும் என்றார்கள். சொன்னேன்.
7. பிறகு மூன்று நாள் வேண்டுமென்றே சொல்லாமல் நின்றேன். மூன்று நாளும் பதில் வந்தது.
8. முத்துமாரியின் ஊருக்குப் போனேன்.
9. திரும்பி வரும்போது என் கையில் ஒரு கோரைப்பாய் இருந்தது.

படித்தவுடன் என்ன நினைப்பீர்கள் என்று தெரியும். நானாக இருந்தாலும் அதையேதான் நினைப்பேன். காத்து கருப்பு, முனி என்று ஊரில் யாராவது ஆரம்பித்தால் சோற்றுத்தட்டோடு எழுந்து உள்ளே போய்விடுகிற ஆள் நான். டிப்ளமோவில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன், அப்புறம் பி.இ. முடித்தேன், இப்போது கடலோர வளாகத்தில் முதுகலை. ஒரு மீட்டர் நம்ப முடியாத அளவைக் காட்டினால் முதலில் மீட்டரைச் சந்தேகி, பிறகு இணைப்பைப் பார், கடைசியாகத்தான் அளவை நம்பு என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இந்த விஷயத்திலும் அப்படித்தான் செய்தேன். மீட்டரையும் பார்த்துவிட்டேன், இணைப்பையும் பார்த்துவிட்டேன்.

எங்கள் ஊர் திருவாடானையிலிருந்து உள்ளே போக வேண்டும். வளாகம் உச்சிப்புளியைத் தாண்டி இருக்கிறது. ஊரிலிருந்து திருவாடானை ஒரு பஸ், அங்கிருந்து ராமநாதபுரம் ஒரு பஸ், அங்கிருந்து வளாகத்துக்கு ஒரு பஸ். ஒன்று தவறினால் முதல் வகுப்பு போச்சு. ஜூலை முழுக்க இப்படி அலைந்தேன். எங்கள் அய்யாவுக்கு நான் படிப்பதில் வருத்தம் கிடையாது, இருட்டில் வந்து இறங்குவதில்தான் வருத்தம். வயலிலிருந்து வந்தவர் குளிக்காமல்கூட பஸ் நிறுத்தத்தில் வந்து உட்கார்ந்திருப்பார். ஒருநாள் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"தீவாளி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஒனக்குன்னு அங்கன ஒரு எடம் குடுத்தா படி. இல்லன்னா பெட்டியக் கட்டிட்டு வந்துரு. நானும் எத்தன நாளைக்குத்தான் பஸ் ஸ்டாப்புல உக்காந்திருக்கது?"

அறுபது கிலோமீட்டருக்கு மேல் இருந்தால்தான் விடுதி என்று ஒரு விதி. பஸ் போகிற பாதையில் எங்கள் ஊர் அறுபதைத் தாராளமாகத் தாண்டும். ஆனால் வலைத்தளம் பின்கோடை வைத்து நேர்கோட்டில் அளக்கிறது. காக்கா பறக்கிற தூரம். விடுதி அலுவலகத்தில் இருந்த கிளார்க்கிடம் இதை விளக்கினேன்.

"சார், நடுவுல பஸ் ரோடே கிடையாது சார். நான் பறந்தா வர்றேன்?"

"எனக்குத் தெரியுதும்மா. கம்ப்யூட்டருக்குத் தெரியலையே."

"நீங்க மாத்தலாம்ல?"

"நான் மாத்துனா என்னைய மாத்திருவாங்க."

மூன்றாவது விண்ணப்பம் ஒருவழியாக உள்ளே போயிற்று, காத்திருப்புப் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. ஆகஸ்டு நடுவில் கிளார்க்கே கூப்பிட்டார். அறை எண் பதினான்கில் இரண்டாவது கட்டில் காலியாகக் கிடக்கிறது, ஒதுக்கீடு வாங்கிய முத்துமாரி வரவில்லை, துறையில் சான்றிதழ்கூடக் கொடுக்கவில்லை, போன் போட்டால் எடுப்பதில்லை. அந்தப் பெண் இடத்தை எழுதிக் கொடுக்காமல் என் பெயருக்கு மாற்ற முடியாது, ஆனால் மனிதாபிமானத்தில் படுத்துக்கொள்ளலாம் என்றார். முத்துமாரியின் ஊர் எது என்று எட்டிப் பார்த்தேன். நயினார்கோவில் பக்கம். எங்கள் ஊரைவிடக் கிட்டே.

"இவுகளுக்கு மட்டும் எப்படி சார் குடுத்தீங்க?"

"அது வேற கோட்டா. கேள்வி கேக்காத, கட்டிலப் புடி. இந்தா சாவி. ஒரிஜினல் ஏற்கெனவே குடுத்தாச்சுன்னு எழுதியிருக்கு, எங்கன போச்சோ. இது டூப்ளிகேட்டு, தொலச்சிராத."

அந்தச் சாவியை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இடம் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன்.

அறைத் தோழி ஜெனி, வேம்பாரிலிருந்து வந்தவள். வாய் ஓயாது. நான் பெட்டியைத் திறந்து கொண்டுவந்த பொருட்களைப் பட்டியலோடு சரிபார்த்துக்கொண்டிருந்தபோதே, "ஏட்டி, நீ என்ன ரேஷன் கடையா?" என்றாள். ஐந்தே நிமிடத்தில் எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. பட்டியலில் விட்டுப்போனது குடம். அது இல்லாமல் அந்த விடுதியில் இருக்க முடியாது.

வளாகத்தில் போர் தண்ணீர் உப்பு. குளிக்கலாம், துவைக்கலாம், வாயில் வைக்க முடியாது. ஒருநாள் விட்டு ஒருநாள் மத்தியானம் லாரி வரும். காலையிலேயே பெண்கள் சமையல்கட்டுச் சுவரோரம் குடத்தை வரிசையாக வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விடுவார்கள். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. எங்கள் ஊரிலும் இதே வழக்கம்தான். எவ்வளவு சண்டை போட்டாலும் அடுத்தவர் குடத்தை யாரும் நகர்த்த மாட்டார்கள். ஆனால் முறை வரும்போது குடத்துக்கு உரியவள் வந்து பிடிக்க வேண்டும். வராவிட்டால் குடத்தை எடுத்து ஓரமாகக் கவிழ்த்துவிடுவார்கள்.

"கட்டிலுக்கு அடில ஒண்ணு கிடக்கு பாரு" என்றாள் ஜெனி. நீல பிளாஸ்டிக் குடம். கழுத்தில் சிவப்பு நகப்பூச்சால் 'முத்துமாரி' என்று எழுதியிருந்தது.

"அவதான் வரவே இல்லன்னு சொன்னாங்க?"

"எனக்கென்ன தெரியும். நான் வரும்போதே இருந்துச்சு."

கழுவிவிட்டு வரிசையில் வைத்தேன். பிறத்தியார் பெயர் எழுதிய குடத்தை வரிசையில் வைப்பது தப்பு என்று எனக்குத் தெரியும். அது அந்த ஆளுக்கான இடம். எங்கள் ஊரில் நான் செய்திருக்க மாட்டேன். ஆனால் கட்டில் அவள் பெயரில், பதிவேட்டில் வரிசை அவள் பெயரில், குடம் மட்டும் என்ன பாவம் செய்தது என்று நினைத்தேன்.

தினம் மாலை ஆறரைக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் பெயர் கூப்பிடுவார்கள். அந்த வருடத்துப் பதிவேடு நான் சேர்ந்த வாரத்தில்தான் தொடங்கியது. மேட்ரன் மும்தாஜ் அக்கா புதுமடத்துக்காரர். பதிவேட்டைத் தூரமாகப் பிடித்துப் படிப்பார், தலை நிமிர மாட்டார், குரல் வந்தால் டிக் போடுவார். முத்துமாரி என்று வரும்போது நான் 'பிரசென்ட்' சொல்லுவேன். முதல் வாரம் கூச்சமாக இருந்தது, அப்புறம் எரிச்சலாக. என் பெயர் கௌசல்யா. அந்தக் கட்டடத்தில் அதை எந்தக் காகிதமும் ஒத்துக்கொள்ளவில்லை.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். லாரி வரும் நேரத்தில் எனக்கு ஆய்வகம் இருந்தால் ஜெனி பிடிக்க வேண்டும், அவளுக்கு இருந்தால் நான். பாதி நாள் நான் ஓடிவந்து பார்த்தால் நீலக் குடம் நிரம்பி, மூடி போட்டு, அறைக்குள் கதவோரம் இருக்கும். பூட்டிய அறைக்குள். ஜெனி பிடித்து வைத்திருக்கிறாள் என்று நினைத்து, அவளுக்கு நான் எத்தனை முறை திருப்பிப் பிடிக்க வேண்டும் என்று நோட்டில் தேதியோடு குறித்துக்கொண்டு வந்தேன். நான் குறிப்பேன் என்பது உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும்.

செப்டம்பரில் ஒருநாள் திருவாடானைக்குச் சான்றிதழ் ஒன்று வாங்கப் போய்விட்டுத் திரும்பும்போது ரயில்வே கேட் மூடிக்கிடந்தது. ஏழு மணிக்கு மூச்சிரைக்க ஓடி வந்தேன். மும்தாஜ் அக்கா பாத்திரம் எண்ணிக்கொண்டிருந்தார்.

"அக்கா, பஸ் லேட்டாயிருச்சு. ஆப்சென்ட் போட்டுட்டீங்களா?"

"எதுக்குப் போடுறேன்? அதான் பிரசென்ட் சொன்னியே."

"நானாக்கா?"

"வேற யாரு, உங்க பாட்டனாரா? போ புள்ள, ரசம் ஆறுது."

ஜெனி எனக்காகச் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்து, மேலே போய் நன்றி சொன்னேன். அவள் தலையைத் துவட்டிக்கொண்டே திரும்பினாள்.

"நான் எங்கட்டி சொன்னேன்? நீதான பின்னால நின்னு சொன்ன. குரல் கேட்டுச்சே."

"நான் இப்பத்தான் வாரேன். பாரு, இன்னும் செருப்புகூடக் கழட்டல."

பிறகு நான், தண்ணீர் பிடித்து வைப்பதற்கும் சேர்த்து நன்றி என்றேன், பேச்சை மாற்றத்தான். அவள் துண்டைக் கீழே போட்டுவிட்டாள். அவள் ஒருமுறைகூட நீலக் குடத்தில் பிடித்ததில்லையாம். நான்தான் பிடித்து வைத்துவிட்டு வகுப்புக்கு ஓடுகிறேன் என்று அவள் நினைத்திருந்தாளாம்.

பயந்தேனா என்றால், இல்லை. உண்மையைச் சொன்னால் நிம்மதியாக இருந்தது. ஆப்சென்ட் விழவில்லை, தண்ணீரும் வந்தது. யாரோ பக்கத்து அறைப் பெண் விளையாடுகிறாள் என்று விட்டுவிட்டேன். எனக்கு அதைவிடப் பெரிய தலைவலி இருந்தது. அக்டோபர் பிறந்துவிட்டது, தீபாவளி வந்துகொண்டிருந்தது, அய்யா வாரம் தவறாமல் "பேரு வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுபடி கிளார்க்கிடம் போய் நின்றேன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு இரண்டு வழி சொன்னார். ஒன்று, முத்துமாரியும் அவள் பெற்றோரும் கையெழுத்துப் போட்டு இடம் வேண்டாம் என்று கடிதம் தர வேண்டும். இரண்டு, தொடர்ந்து மூன்று நாள் அவள் பெயருக்கு ஆப்சென்ட் விழ வேண்டும். விழுந்தால் கட்டில் தானாகக் காலி, காத்திருப்புப் பட்டியலில் முதல் ஆளுக்குப் போகும்.

"அதாவது எனக்கு?"

"ஒனக்குத்தான்."

"அப்ப நான் இத்தனை நாள் பிரசென்ட் சொன்னதாலதான் எனக்குக் கிடைக்காம இருக்கா சார்?"

"அப்படியும் சொல்லலாம்."

"யாரு சார் என்னைய பிரசென்ட் சொல்லச் சொன்னது?"

அவர் அச்சு இயந்திரத்தைத் தட்டிப் பார்த்தார்.

திங்கட்கிழமை மாலை கூடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். "முத்துமாரி" என்றார் மும்தாஜ் அக்கா. என் தோளுக்குப் பின்னால் சாதாரணமாக, கொஞ்சம் அவசரமாக ஒரு குரல், "பிரசென்ட்" என்றது. திரும்பினேன். எனக்குப் பின்னால் கை கழுவும் தொட்டியும் சுவரும்தான். ஜெனி என் இடப்பக்கம் நின்றாள், அவளும் திரும்பிச் சுவரைத்தான் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை சுவரோடு முதுகை ஒட்டி நின்றேன், பின்னால் யாரும் நிற்க முடியாதபடி. குரல் எனக்கும் ஜெனிக்கும் நடுவிலிருந்து வந்தது. அங்கே ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி இருந்தது. நாங்கள் அப்படி இடைவெளி விட்டு நின்றது ஏன் என்று இருவருக்கும் தெரியவில்லை.

புதன்கிழமை மேட்ரன் பக்கத்திலேயே போய் நின்று, அவர் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குரல் வந்தது, டிக் விழுந்தது. "அக்கா, நான் பிரசென்ட் சொல்லலக்கா" என்றேன்.

"பின்ன யாரு சொன்னா?"

"தெரியலக்கா."

"அல்லாவே! ஏம்மா, நாப்பது பேரு கத்துற எடத்துல எனக்கு இருக்குற தலவலில நீ வேற. சத்தம் வந்துச்சு, டிக்கு போட்டேன். அடுத்து, யாஸ்மின்!"

நீங்கள் கேட்கலாம், அப்போதாவது பயம் வந்ததா என்று. கோபம்தான் வந்தது. நாலு மாதமாக அலைகிறேன், கடைசியாக ஒரு வழி கிடைத்தது, அதையும் கெடுக்க ஆள் வந்துவிட்டதே என்ற கோபம். அறைக்கு வந்து காற்றைப் பார்த்துச் சண்டை போட்டேன். "வர்றதா இருந்தா வந்து சேர வேண்டியதுதான? வரலைன்னா எழுதிக் குடுத்துட்டுப் போக வேண்டியதுதான? ரெண்டும் இல்லாம எதுக்கு இடத்தப் புடிச்சு வச்சுருக்க?" ஜெனி தன் கட்டிலில் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு, "அவ எதுவும் சொல்லிரக் கூடாதே, மாதாவே" என்றாள்.

மீதி இருந்தது முதல் வழி, கடிதம். சனிக்கிழமை காலை கிளம்பினேன். விண்ணப்பத்தில் இருந்த முகவரியைக் கிளார்க் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். நயினார்கோவிலில் இறங்கி மினி பஸ், அப்புறம் அரைமணி நேர நடை. இருபக்கமும் உழுது விதைத்த நிலம் மழைக்காகக் காத்துக் கிடந்தது. நல்ல வெயில். முத்துமாரி வீடு எது என்று கேட்டதும் கை காட்டினார்கள்.

அவள் அம்மா வாசலில் சாக்கை விரித்து மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். கூடவே பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர். நெடி தொண்டையைப் பிடித்தது. விடுதியிலிருந்து வருகிறேன் என்றேன். அந்த அம்மா சட்டென்று எழுந்து கையை உதறினார்.

"வாத்தா, வா. ஒத்தையிலயா வந்த? எம்மவ வரலையா கூட?"

எனக்குப் புரியவில்லை. "முத்துமாரி எங்கம்மா இருக்காங்க?" என்று கேட்டேன்.

"இது என்னத்தா கேள்வி. ஒங்க ஆஸ்டல்லதான இருக்கா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சிரிக்க முயன்றேன். எப்போது வந்தாள், எப்போது போனாள் என்று மெதுவாகக் கேட்டேன். பெட்டியும் குடமுமாக ஜூலையிலேயே பஸ் ஏற்றிவிட்டார்களாம். "கொடத்துல பேரு எழுதிவிட்டது நாந்தான். நெகப்பூச்சு வச்சு எழுதுனேன், பெயிண்டு இல்ல" என்றார். மாதம் ஒரு சனிக்கிழமை வருவாளாம், மறுநாள் போய்விடுவாளாம். புது நம்பரிலிருந்து போன் வந்தால் ஆபீஸ் ஆட்கள் ஏதேதோ கேட்கிறார்கள் என்று வீட்டில் எடுப்பதில்லையாம்.

"போன சனிக்கெழமகூட வந்துட்டுப் போச்சே" என்றார் பக்கத்து வீட்டுப் பெண், மிளகாயிலிருந்து கண்ணை எடுக்காமல். "எங்க வீட்டுலதான தல பின்னிக்கிட்டுப் போச்சு. மெலிஞ்சு போச்சு புள்ள."

"மெலியாம என்ன செய்யும்" என்றார் அம்மா. "படுக்க எடமில்ல அதுக்கு. ரெண்டு பேரு இருக்குற ரூம்புல மூணு பேரப் போட்டுருக்காகளாம். எம்மவ கட்டில்ல எவளோ திருவாடானப் பக்கத்துப் புள்ள வந்து படுத்துக்கிட்டாளாம். எந்நேரமும் நோட்டுல நம்பர் போட்டு எழுதிக்கிட்டே இருப்பாளாம். இவ தண்ணி புடிச்சு வச்சா குடிப்பாளாம், ஒரு வார்த்த பேச மாட்டாளாம். அன்னைக்கு என்னமோ சண்டை வேற போட்டாளாம். எடத்த விட்டுட்டுப் போன்னு."

நான் சண்டை போட்டது புதன்கிழமை. அவள் ஊருக்கு வந்ததோ அதற்கு முந்தின சனிக்கிழமை. 'அன்னைக்கு' என்றால் என்றைக்கு, எப்படிச் சொன்னாள் என்று கேட்க வாயைத் திறந்தேன். கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் வரும், அதைக் கேட்டுக்கொண்டு நான் அந்த அறைக்குத் திரும்ப வேண்டும்.

"ஒம் பேரு என்னத்தா?"

"ஜெனி" என்றேன்.

"அட, நீதான் ஜெனியா! நல்ல புள்ளன்னு சொல்லுவா. வாயாடின்னும் சொல்லுவா, தப்பா எடுத்துக்காத." தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். கடிதம் என் பைக்குள்தான் இருந்தது. தட்டச்சு செய்து, கையெழுத்துக்கு இடம் விட்டு, கீழே கோடு போட்டது.

"அவுக அப்பா கத்துறாக. கட்டில்கூடக் குடுக்காத எடத்துல புள்ள கெடந்து சீரழிய வேணாம், தீவாளிக்கு வந்தா இங்கனயே இருக்கட்டும், படிச்சது போதும்ங்கிறாக. அவ அழுகுறா. நீ அந்தப் புள்ளைகிட்ட எடுத்துச் சொல்லுத்தா. விட்டுக்குடுக்கச் சொல்லு. அதுவும் எங்கேயிருந்தோ கஷ்டப்பட்டுத்தான் வந்திருக்கும், இல்லேங்கல. ஆனா அது எம்மவ எடம்ல?"

பையிலிருந்து கடிதத்தை எடுக்கவில்லை. எடுத்து என்னவென்று சொல்வது? கிளம்பும்போது அவர் உள்ளே போய் ஒரு கோரைப்பாயைச் சுருட்டிக் கயிறு கட்டிக் கொண்டுவந்தார். "கட்டில் கெடைக்கிற வரைக்கும் கீழயாச்சும் படுத்துக்கட்டும். சிமிண்டுத் தரை ஆகாது அதுக்கு."

பஸ்ஸில் கண்டக்டர், "என்னம்மா, சீர்வரிசையா?" என்றார். நான் மடியில் பாயை வைத்துக்கொண்டு நோட்டைத் திறந்தேன். நீலக் குடம் தானாக நிரம்பியிருந்த நாட்களைக் குறித்திருந்தேன் அல்லவா, லாரி வந்த சனிக்கிழமைகளில் மூன்று நாள் மட்டும் குடம் காலியாகக் கவிழ்ந்து கிடந்தது என்று எழுதியிருந்தேன். மாதத்துக்கு ஒன்று. கடைசியானது போன சனிக்கிழமை.

விடுதிக்கு வந்ததும் ஊருக்குப் போகிறவர்கள் எழுதும் நோட்டைப் பார்த்தேன். அந்த மூன்று சனிக்கிழமையும் 'முத்துமாரி, அறை 14' என்று இருந்தது. அது என் கையெழுத்து இல்லை. எழுத்து கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. மும்தாஜ் அக்காவிடம் காட்டினேன். "எழுதிவச்சுட்டு நீதான் போகாம கெடந்தேன்னு நெனச்சேன்" என்றார்.

ஜெனியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முதலில் கேட்டது, "எம் பேர எதுக்குட்டி சொன்ன?" என்றுதான். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் என்னோடு பேசவில்லை. பிறகு வந்து, "வாயாடின்னா சொன்னா?" என்று கேட்டாள்.

அன்று மாலை என் போர்வையையும் தலையணையையும் கட்டிலிலிருந்து எடுத்துவிட்டு, இரண்டு கட்டிலுக்கும் நடுவே தரையில் அந்தப் பாயை விரித்து நான் படுத்துக்கொண்டேன். இதற்குக் காரணம் கேட்காதீர்கள். பயத்தில் செய்ததாக நீங்கள் வைத்துக்கொள்ளலாம். அந்த அம்மா கேட்டது நியாயமாகப் பட்டது, அவ்வளவுதான். அது என் இடம் இல்லை. எனக்கு இடம் தராதது அலுவலகம், முத்துமாரி இல்லை. காலையில் எழுந்து பார்த்தபோது கட்டிலின் விரிப்பு கசங்கியிருந்தது. மின்விசிறிக் காற்றாக இருக்கலாம். நான் எழுதிக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை உச்சிப்புளிக் கடையில் சிவப்புக் குடம் ஒன்று வாங்கி, ஜெனியிடம் நகப்பூச்சு வாங்கிக் 'கௌசல்யா' என்று எழுதினேன். வரிசையில் நீலக் குடத்துக்குப் பின்னால் வைத்தேன். அந்த விடுதியில் என் பெயர் எழுதிய முதல் பொருள் அது. அன்று மத்தியானம் மூன்று மணி வரை எனக்கு ஆய்வகம், ஜெனி துறைக் கருத்தரங்கில். வந்து கதவைத் திறந்தால் கதவோரம் இரண்டு குடம், இரண்டும் விளிம்பு வரை. சிவப்புக் குடத்துக்கு மூடி வாங்க மறந்திருந்தேன். அதன் வாயில் ஒரு சாப்பாட்டுத் தட்டு கவிழ்த்து வைத்திருந்தது. என் தட்டு.

தீபாவளிக்கு முந்தைய வாரம் அய்யா போன் செய்தார். ஜெனி ஊருக்குப் போகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா, எடம் குடுத்துட்டாகளா ஒனக்கு?"

"குடுத்துட்டாகய்யா."

"தாராளமா இருக்கா? ரூம்புல எத்தன பேரு?"

"மூணு பேருய்யா" என்றேன்.

யோசித்துச் சொன்னது இல்லை, வாயில் வந்தது. ஜெனி மடித்துக்கொண்டிருந்த சுடிதாரைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். இரண்டு பேர் என்று அவளும் திருத்தவில்லை. "சரி, தொணைக்கு ஆளு இருந்தா நல்லதுதான்" என்று அய்யா போனை வைத்துவிட்டார்.

இன்று காலை வரை நிலைமை இதுதான். பதிவேட்டின்படி அறை எண் பதினான்கில் இருப்பவர்கள் ஜெனி, முத்துமாரி. மாலையில் முத்துமாரியைக் கூப்பிட்டால் நான் பேசாமல் நிற்கிறேன், டிக் விழுகிறது. என்னை யாரும் கூப்பிடுவதில்லை. நான் தரையில் பாயில் படுக்கிறேன். வலைத்தளத்தில் என் விண்ணப்பம்: காத்திருப்புப் பட்டியல், எண் ஒன்று.